கைநாட்டு வைக்காதே என்றேன்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்,
6-11-1955, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேவப்பிரியத்துக்கு உன் அம்மா தேவகிருபை நெஞ்சோடு அணைத்து எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ராஜாத்தியும் அவள் வீட்டுக்காரரும் எழுந்து நடமாடும்படி கர்த்தர் வைத்திருக்கிறார், அந்த மட்டும் அவருக்கு ஸ்தோத்திரம். அங்கே மலாயாவில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நர்சுப் பிள்ளைகளும் சுகந்தானா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறதா, உன் காலில் வந்த சேற்றுப்புண் ஆறியதா, எல்லாம் விவரமாக எழுது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாளாக அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தேன். பவுனு பெரியம்மா மூன்று கடிதமாக எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லையே, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை மகளே. இன்று கோயிலுக்குப் போய்வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று.

முதலில் ராஜாத்தி விஷயம். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். எண்ணெய் வாசனை பட்டாலே குமட்டுகிறது, புளிச்சோறு மட்டும் இறங்குகிறது என்கிறாள். மாப்பிள்ளைக்கு வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம், காலையில் போனால் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வமாக இருக்கிறதாம். பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்கிறாள், வேண்டாம், நானே அங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்டாள், நீயும் கேட்பாய். இந்த வீட்டை மார்கழிக்குள் காலி செய்துவிடப் போகிறேன் மகளே. எனக்கு வேலை இல்லை. இப்போது என்று இல்லை, போன வருஷம் அக்டோபரிலிருந்தே இல்லை. வேலைக்குப் போய் வருகிறேன், போனஸ் வரும் என்றெல்லாம் இந்த ஒரு வருஷமாக உனக்கு எழுதியது பொய். பணம் அனுப்பாதே, கையில் இருக்கிறது என்று எழுதியதும் பொய். வளர்ந்த மகளிடம் பொய் எழுதிய அம்மாவை நீ என்ன நினைத்தாலும் சரி, இனி இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை.

நம்முடைய லாந்தர் கம்பெனியை வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள் என்று போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில் எழுதியிருந்தேன். வாங்கினது வடக்கத்திப் பேர்வழிகள். நல்லவர்கள்தான் போலிருந்தது, வந்ததும் கக்கூசுக்கு வெள்ளையடித்தார்கள், குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் கையில் கடிகாரமும் காகிதமும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒவ்வொரு பகுதியாக வந்து நின்றார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயே அந்தக் கண்ணாடிக் கொட்டகையிலும் பத்து நாள் நின்றார்கள். கூடையில் வந்து இறங்குகிற விளக்குக் கண்ணாடியை நகத்தால் தட்டிக் கேட்கிறோம், விரிசல் விட்டதைத் தனியே வைக்கிறோம், மற்றதைத் துடைத்து வைக்கோலும் காகிதமும் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம், ஒரு கண்ணாடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். மங்கம்மாவை உனக்குத் தெரியுமே, கொட்டகை அதிர்கிற குரல்காரி, அவள் கையை ஓங்கி, "இன்னா நைனா, நாங்க இன்னா பந்தயக் குதிரையா, நின்னுகினு எண்றீங்க?" என்று கேட்டாள். அவர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். செப்டம்பர் மாதம் அறிக்கை ஒட்டினார்கள். கம்பெனியைப் புதிய முறையில் அமைக்கிறார்களாம், கண்ணாடி இனி வடக்கே ஒரு தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் அடுக்கியே வந்துவிடுமாம், ஆகையால் கண்ணாடிக் கொட்டகை தேவையில்லையாம். நாற்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தைக்குள் போனோம். நான் பதினைந்து வருஷம், பவுனு பதினெட்டு வருஷம்.

மறுநாள் லேபர் ஆபீசர் தண்டபாணி என்பவர் ஆளுக்கொரு காகிதம் கொண்டுவந்தார். மரியாதையான மனிதர், எங்களை நிற்க வைத்துப் பேசாமல் உட்காரச் சொல்லித் தானும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பேசினார். சனிக்கிழமைக்குள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுப்பவர்களுக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கையில் கிடைக்கும், வைக்காதவர்களையும் கம்பெனி நிறுத்தத்தான் போகிறது, அவர்களுக்குச் சட்டப்படி வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளந்தான் என்றார். அவர் போனதும் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உனக்குத் தெரியும், அந்தக் கொட்டகையில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எட்டாவது வரை நாசரேத்தில் படித்தேன் என்ற பெருமை எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு, அதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன். மங்கம்மா காகிதத்தை என் மடியில் போட்டு, "படி கிருபை, இன்னா எழுதிகீதுன்னு ஒரு எழுத்து வுடாம படி" என்றாள். படித்தேன். "எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இது குறித்துப் பின்னால் எந்த வழக்கும் கொண்டுவர மாட்டேன்" என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய விருப்பம், எங்கே விருப்பம் என்று கேட்டேன். நம்மை வெளியே தள்ளிவிட்டு நாமே போனோம் என்று நம்மிடமே எழுதி வாங்குகிறார்கள், இதில் கைநாட்டு வைத்தால் நாளைக்கு நியாயம் கேட்க வாய் இருக்காது என்றேன். "அப்ப நீ இன்னாதான் சொல்ற?" என்று மங்கம்மா கேட்டாள். வைக்காதீர்கள் என்றேன். அவ்வளவுதான் மகளே. ஒரு வார்த்தை. நாற்பத்தேழு பேர் முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கத்துச் செயலாளர் லூர்து அன்று மத்தியானமே வந்தார், தகரம் வெட்டும் பகுதியில் இருக்கிறவர், நல்ல மனசுக்காரர். கேஸ் போடலாம், கேஸ் நிற்கும் என்றார். வேலை திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, அதை நானாகத்தான் கூட்டிக்கொண்டேன். தண்டபாணியும் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, நீங்கள் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் மற்றவர்களுக்கும் சேர்த்து யோசனை சொல்லாதீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கஷ்டம் இருக்கும்" என்றார். என்னைப் பயமுறுத்துகிறார் என்று நினைத்து முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி என்று இப்போது எழுதுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவுனு நம் வீட்டுக்கு வந்தாள். குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள், காலெல்லாம் மணல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் வீட்டுக்காரர் சுப்புராயன் அண்ணனுக்கு நெஞ்சில் காசம் என்று அந்த ஆடியிலேயே சொல்லிவிட்டார்கள், அது உனக்கும் தெரியும். அந்த வியாதிக்கு இப்போது ஊசி வந்திருக்கிறது, விடாமல் போட்டால் பிழைக்கிறார்கள், என் கண்ணால் பார்க்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். நான்தான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே ஆஸ்பத்திரியில் இலவச ஊசிக்குப் பேர் எழுதிவைத்துக்கொண்டு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், மருந்தை வெளியில் வாங்கிக்கொண்டு போனால் உடனே போடுகிறார்கள். அதற்குத்தான் அவளுக்கு அந்தப் பதினெட்டு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. அவள் அதை எப்படிச் சொன்னாள் தெரியுமா, "கிருபை, எனக்கு வேல வேணாம்னு இல்ல. அந்த மனுசன் இருமிகினே கீறான், வூட்டுல நிக்க முடியல. நாளைக்கு வெரல வச்சிட்டா திங்கக்கிழம துட்டு வந்துரும். நான் வைக்கட்டுமா, வேணாமா? நீ படிச்சவ. நீ வைக்காதன்னா நான் வைக்கல" என்றாள். பிரியம், அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வை பவுனு, ஓடிப்போய் வை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றாமலும் இல்லை. ஆனால் அவள் வைத்தால் அவளைப் பார்த்துப் பத்துப் பேர் வைப்பார்கள், நாற்பத்தெட்டும் உடைந்துபோகும் என்ற கணக்குத்தான் என் மனசில் முன்னால் நின்றது. அவள் புருஷனை அந்தக் கணக்கில் பின்னால் தள்ளினேன். ஆறு மாதம் பொறுத்துக்கொள், வேலையும் கிடைக்கும், நின்ற நாளுக்குச் சம்பளமும் கிடைக்கும், நாம் ஒன்றாக இருந்தால் எவனும் அசைக்க முடியாது என்றேன். அவள் கொஞ்ச நேரம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பதினேழு பேர் கைநாட்டு வைத்தார்கள். நாங்கள் முப்பத்தொரு பேர் வைக்கவில்லை. அக்டோபர் முதல் திங்கட்கிழமை காலையில் போனபோது கேட்டில் எங்கள் முப்பத்தொரு பேரின் அட்டையும் எடுக்கப்பட்டிருந்தது. எதிரே சாராயக்கடை இருந்து மூடிப்போன இடத்தில் உட்கார்ந்தோம். லூர்து சொல்லி ஆண்கள் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் எங்களோடு வெயிலில் நின்றார்கள். மறுநாள் தகரப் பகுதியில் ஒரு ஆளைக்கூடக் குறைக்க மாட்டோம் என்று முதலாளி எழுதிக் கொடுத்தாராம், எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் சாப்பாட்டு மணிக்கு வெளியே வருகிறபோது எங்கள் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மழை பிடித்த பிறகு உட்கார இடமில்லை. ஒவ்வொருத்தியாக வேறு பிழைப்புப் பார்க்கப் போனார்கள். நான் ராயபுரத்தில் ஒரு தையற்கடைக்குப் பொத்தான் கட்டிக் கொடுத்தேன். பவுனு கரையில் கூடைக்கு மீன் வாங்கித் தலைச்சுமையாகச் சாத்தாங்காடு வரைக்கும் தெருத்தெருவாக விற்றாள். பதினெட்டு வருஷம் உட்கார்ந்து வேலை செய்த கால், வீங்கிப்போகும். ஒரு நாள்கூட நீ சொன்னாயே என்று அவள் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கேசு இன்னா ஆச்சு, எப்ப கூப்புடுவான்?" என்றுதான் கேட்பாள். அடுத்த வாய்தாவில் தெரியும் என்பேன். பத்து வாய்தாவுக்கும் அதையே சொன்னேன்.

ஏன் அப்போதே எனக்கு எழுதவில்லை, நான் பணம் அனுப்பியிருப்பேனே என்று நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழுவாய். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். பவுனுவிடம் சொன்னபோது, "அது அங்க தனியாக் கஸ்டப்பட்டுகினு கல்யாணத்துக்குச் சேத்துகினு கீது, அதுங்கிட்டப் போயி கேக்காத, கேட்டா அப்பால நான் ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்று கையை எடுத்துக் கும்பிட்டாள். அவள் சொன்னதற்காக நான் எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. எழுதினால் நான் வேலை போனதையும் சொல்ல வேண்டும், நான் சொன்ன யோசனையையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் தீர்ப்பு வந்துவிடும், எல்லாம் நேராகிவிடும், நடந்ததை அப்புறம் சிரித்துக்கொண்டே உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். என் மானம் என்னைக் காக்க வைத்தது, அதற்குள் காலம் போய்விட்டது.

ஏப்ரல் மாதம் எங்கள் கேஸ் நடந்த டிரிபியூனலில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு பேரில் அன்றைக்கு வந்தது பன்னிரண்டு பேர், பவுனுவும் மீன் கூடையை யார் வீட்டிலோ வைத்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் சத்தம் போடாமல் கேட்டார். காகிதத்தில் இருந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தீர்களா என்றார், வாசித்தேன் என்றேன். இந்தப் பெண்களுக்கு அதில் எழுதியிருந்தது விளங்கிற்றா என்றார், விளங்கிற்று என்றேன். வைக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்றார், நான்தான் என்றேன். வேலை திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னீர்களா, சொன்னேன். "அப்படி உங்களிடம் யார் சொன்னது? கம்பெனி சொன்னதா, சர்க்கார் சொன்னதா, சங்கம் சொன்னதா?" என்று கேட்டுவிட்டுக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன் மகளே, என்ன சொல்வேன். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். இறங்கி வரும்போது பவுனுவைப் பார்த்தேன். கோபமாக இல்லை அவள் முகம். புதுசாக எதையோ தெரிந்துகொண்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். திரும்பி வரும்போது ராயபுரம் வரை ஒன்றாகத்தான் நடந்தோம், அப்புறம் அவள் கூடையை எடுக்கப் பிரிந்து போனாள்.

ஆடி மாதம் மூன்றாம் வாரம் சுப்புராயன் அண்ணன் இறந்துபோனார். கடைசி ஒரு மாதம் ரத்தமாகவே வந்தது. ஏழெட்டு ஊசி எப்படியோ வாங்கிப் போட்டாள், பிறகு முடியவில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டுமரத்தில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டிய மனிதர், நான் போனபோது பாயில் ஒரு பிள்ளை படுத்திருக்கிற அளவுதான் இருந்தார். பெண்கள் எல்லாரும் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். பவுனுதான் என்னைப் பார்த்து, "வா கிருபை, உள்ள வா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்து, அவரை எடுத்துக்கொண்டு எல்லாரும் கரைக்குப் போன பிறகு, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அந்த ஊசிய மொதல்லயே போட்டிருந்தா பொழச்சிருப்பானா? பிரியம் நர்சாச்சே, அதுக்குத் தெரியும். அதக் கேட்டு ஒரு காயிதம் எழுது." அதுதான் மகளே அவள் உனக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தை. சொல்லாமல் இருக்கவில்லை அவள். நான்தான் எழுதவில்லை. ஆகஸ்டிலும் எழுதவில்லை, செப்டம்பரிலும் எழுதவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பதில் வந்ததா என்று கேட்டாள், கப்பல் தபால் தாமதம் என்றேன். உன் கடிதம் வந்து அலமாரியில் கிடந்தது, அதில் மலாயா முத்திரை ஒட்டியிருந்தது, அவளுக்கு எழுத்துத் தெரியாது என்றாலும் முத்திரை தெரியும். பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. ஒரு பகுதியை மூடுவதும் கம்பெனியைத் திருத்தி அமைப்பதும் முதலாளியின் உரிமை, அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை, சட்டப்படி உள்ள பதினைந்து நாள் கணக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்று. தண்டபாணி அன்று பெட்டிமேல் உட்கார்ந்து சொன்னதுதான், ஒரு வருஷம் கழித்து நீதிபதி சொன்னார். அக்டோபர் பத்தாம் தேதி டைம் ஆபீஸ் ஜன்னலில் பணம் கொடுத்தார்கள். கொட்டகையை இடித்து லாரி நிற்க இடம் போட்டிருக்கிறார்கள், அங்கேதான் வரிசையில் நின்றோம். ரசீது காகிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. மற்றவர்கள் பழக்கத்தில் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள், வாசித்துச் சொன்னேன். பவுனு முறை வந்தபோது நானாகவே பக்கத்தில் போய், கொடு பவுனு, என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று கை நீட்டினேன். அவள் காகிதத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "வேணாம் கிருபை, நீ படிக்காத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். விரலை மையில் வைத்து அழுத்தினாள், மையைத் தலைமுடியில் துடைத்தாள், பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். நான் வரிசையில் என் இடத்துக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். தேவகிருபை என்று அவ்வளவு அழகாக எழுதுவேனே, அன்றைக்கு அது என் பேர் மாதிரியே இல்லை.

இப்போது தகர வெட்டுப் பகுதியிலும் தொண்ணூறு பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலாளி எழுதிக் கொடுத்தது ஒரு வருஷத்துக்கு மட்டுமாம், அது போன மாதத்தோடு முடிந்துவிட்டதாம். லூர்து பேரும் அதில் இருக்கிறது. அவர் போன வாரம் இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதா, எதிர்த்து நிற்கச் சொல்வதா, உங்கள் அனுபவத்தில் என்ன சொல்கிறீர்கள் அக்கா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை பிரியம். அன்றைக்கு நான் சொன்னது அநியாயமா என்று யோசித்தால் அநியாயம் இல்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அந்தக் காகிதத்தில் இருந்தது பொய்தான். பொய்யில் கைநாட்டு வைக்காதே என்று சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வேன். ஆனால் கைநாட்டு வைத்த பதினேழு பேரில் ஒருத்தி எருமை வாங்கிப் பால் ஊற்றுகிறாள், ஒருத்தி மகளைக் கட்டிக் கொடுத்தாள். என் பேச்சைக் கேட்டவர்கள்தான் தெருவில் நிற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் பவுனு வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் முன்னால் வருகிறது, வார்த்தை வருவதில்லை, எழுந்துவிடுகிறேன். பாதிரியாரிடம் சொன்னேன், நீங்கள் நல்ல எண்ணத்தோடுதானே சொன்னீர்கள் என்றார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பவுனு கேட்கச் சொன்ன கேள்வியை இதில் எழுதிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதாதே என்று சொல்லவும் உரிமை இல்லை. எழுதுவதானால் என் விலாசத்துக்கு எழுதாதே. அவள் பேருக்கே, குப்பத்துக் கோயிலுக்குப் பின்னால் சுப்புராயன் வீடு என்று போட்டு எழுது, தபால்காரர் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு அதில் என்ன எழுதினாய் என்று சொல்ல வேண்டாம். கொஞ்சம் பணம் அனுப்ப உனக்கு மனசிருந்தால் அவளுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். அவள் திருப்பி அனுப்பினாலும் மனசு கோணாதே. நீ இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுக் கப்பல் ஏறிவிடாதே, கையில் இருக்கிற வேலையைப் பிடித்துக்கொள். தோட்டத்தில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற பக்கம் டியூட்டி போட்டால் முடியாது என்று சொல். மழையில் நனையாதே, புண்ணில் சேறு படாமல் பார்த்துக்கொள். உனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையும் சமாதானமான வீடும் அமைய வேண்டும் என்று நாளும் கேட்கிறேன், வேறு எதற்கும் வாய் வராவிட்டாலும் உனக்காக மட்டும் வருகிறது. நீ நீண்ட ஆயுளோடும் பலத்தோடும் இருக்க வேண்டும், கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும்.

இன்னும் ஒரு விஷயம், மறந்துவிடப் போகிறேன். செவ்வாய்க்கிழமை மங்கம்மா இங்கே வந்தாள். எண்ணூர்ப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம், கைநாட்டு வைக்க ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள், "இத்தப் பாரு கிருபை, வெளில நாலு பேரு நின்னுகினு கீறாங்க, நீ சொன்னாத்தான் வைப்போம்னு" என்று நீட்டினாள். எல்லாம் நடந்த பிறகும் என்னிடமே கொண்டுவந்திருக்கிறாள். நான் கையில் வாங்கவில்லை. கண் மங்கிப்போய்விட்டது மங்கம்மா, எழுத்தெல்லாம் புகை மாதிரி இருக்கிறது, வேறு யாரிடமாவது காட்டு என்று சொல்லிவிட்டேன். "ஐயோ, எப்பலேந்து?" என்று பதறி என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் நீட்டியபோதே முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. தெருவெல்லாம் இதற்குள் சொல்லியிருப்பாள். அதனால் இங்கிருந்து யாராவது உன் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்று உனக்கு எழுதினால் பயப்படாதே, மூக்குக் கண்ணாடிக்குப் பணம் அனுப்பாதே. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஞா. தேவகிருபை.